மாதா திருவிழா மேசை

ஆகஸ்ட் பிறந்தால் எனக்குக் கஞ்சி வாடை வேண்டியிருக்கிறது. சோறு வடித்த கஞ்சியில் ஒரு சொட்டு நீலம் விட்டு, எட்டு முழ வேட்டியை முக்கிப் பிழிந்து, மொட்டைமாடிக் கொடியில் போட்டால், கச்சான் காற்றில் சட்டென்று காய்ந்து பலகையாக நிற்கும். அதுதான் எங்கள் வீட்டு மேசைவிரிப்பு. தூத்துக்குடியின் ஆடிக்காற்று எப்படிப்பட்டது என்று அங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணையும் உப்பையும் சேர்த்து வாரிக்கொண்டு வீட்டுக்குள் வரும், மூடாத பாத்திரம் எதையும் சும்மா விடாது. இங்கே ராட்டர்டாமில் துணி உலர்த்த இயந்திரம் இருக்கிறது. எதைப் போட்டாலும் மெத்தென்று எடுத்துக் கொடுக்கிறது. மெத்தென்ற துணியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா. 1713இல் எழுந்த கோயில் அது. கத்தோலிக்கர்கள் மட்டும் கும்பிடுகிற கோயில் என்று ஊரில் யாரும் நினைப்பதில்லை. அந்த நாளில் வீட்டுக்கு இன்னார்தான் வருவார்கள், இத்தனை மணிக்குத்தான் வருவார்கள் என்று கணக்கு வைக்க முடியாது. காலைப் பூசை முடித்து ஒரு கூட்டம், துறைமுகத்தில் ஷிப்டு முடித்து ஒரு கூட்டம், பிள்ளைகளை ராட்டினத்தில் ஏற்றி இறக்கிய களைப்பில் ஒரு கூட்டம், சப்பரம் பார்த்துவிட்டு இரவில் ஒரு கூட்டம். இலை போட்டுப் பந்தி வைத்துக் கட்டுப்படியாகாது. அதனால் அத்தை மேசை போடுவாள். அப்பாவின் அக்கா. கல்யாண மண்டபங்களுக்கு பஃபே வந்து சேர்வதற்கு வெகுகாலம் முன்பே, அந்தப் பேர் தெரியாமலே, அதைவிட நேர்த்தியாக.

மேசை கொழும்பிலிருந்து தோணியில் வந்த தேக்கு. அதைச் சுவரை ஒட்டிப் போட்டதும் முதல் வேலை உயரம் கட்டுவது. இலங்கைத் தேயிலை வந்த பழைய மரப்பெட்டி ஒன்று, கவிழ்த்த பித்தளைப் போணி இரண்டு, பிஸ்கட் டின் ஒன்று, இவற்றை ஏற்ற இறக்கமாக வைத்து அதன்மேல் வேட்டியை விரிப்பாள். கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. வேட்டியின் கரை மேசையின் முன்விளிம்போடு ஒரே கோடாக ஓடியாக வேண்டும். காற்றுக்குப் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும், உள்பக்கமாக மடித்துத் தைத்து, வலையில் கோக்கும் ஈயக் குண்டுகளைப் போட்டு வைத்திருந்தாள். காற்று வரும்போது குண்டு மேசைக்காலில் மோதும். டொக். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் டொக். எங்கள் வீட்டில் திருவிழா என்றால் அந்தச் சத்தம்தான்.

உயரத்துக்கு அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. "ஏட்டி, நெட்டையைச் சுவரோரம் தள்ளு, குட்டையை முன்னால விடு. பின்னால இருக்கிறதும் மொகத்தக் காட்டணும்." இப்போது காசு வாங்கிக்கொண்டு வகுப்பெடுக்கிறவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான்.

சுவரோரம், பெட்டி உயரத்தில், இட்லித் தட்டு. நடுக்கம்பியில் நாலு அடுக்காகக் கோத்தது. முந்தின நாள் காலைவரை இட்லி வெந்த தட்டு, புளி போட்டுத் தேய்த்து, குழிக்குக் குழி வட்டமாக வெட்டிய வெள்ளைத்தாள் போட்டு, ஒவ்வொரு குழியிலும் ஒரு மக்ரூன். முட்டையின் வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரிப் பருப்புப் பொடியும் தவிர அதில் வேறெதுவும் கிடையாது. நுரை நிற்கும்வரை அடித்து, கூம்பாகப் பிழிந்து, குறைந்த சூட்டில் வெகுநேரம் காயவிட்டு எடுப்பது. போர்த்துக்கீசியர் கொண்டுவந்த பண்டம், பாதாமுக்குப் பதில் நம்மூர் முந்திரி ஏறிக்கொண்டது என்பார்கள். சுருள் சுருளாக முடிந்து நுனி கூராக நிற்கும் அந்த வெள்ளைக் கூம்புகள், எவர்சில்வர் குழிகளில் தங்கள் நிழலோடு உட்கார்ந்திருக்கும். இதைவிட அழகான அடுக்குத் தட்டை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. இங்கே வெள்ளைப் பீங்கானில் மூன்றடுக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஊரிலிருந்து வரும் மக்ரூன் பாதி பொடியாகத்தான் வந்து சேர்கிறது. பொடிக்கு அடுக்கு எதற்கு.

அதற்கு முன்னால் முறுக்கும் அச்சுமுறுக்கும். அவற்றுக்குச் சுளகு. பனைநார்ப் பெட்டியில் முந்திரிக்கொத்து, ஓலைக் கொட்டானில் உடன்குடிக் கருப்பட்டியை உடைத்துப் போட்ட சில்லு. அரிசி புடைத்த சுளகில் கொஞ்சம் தவிடு ஒட்டியிருக்குமோ என்று அம்மா முணுமுணுப்பாள். அத்தை வாதாம் இலையைக் கழுவித் துடைத்து அதன்மேல் பரப்பிவிடுவாள், பேச்சு முடிந்தது. கரண்டிகள் எல்லாம் அரிசி அளக்கும் படிக்குள். சின்னக் கரண்டிகள் உழக்குக்குள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாசலுக்குப் பக்கத்து முனை சைவம். எலுமிச்சைச் சோறு, சொதி, அப்பளம். பக்கத்து வீட்டு அக்காமார், அப்பாவின் ஆபீஸ் சிநேகிதர்கள் கறி சாப்பிடாதவர்கள். அவர்கள் உள்ளே வந்து ஆட்டுக்கறிக் குழம்பையும் கட்லெட்டையும் தாண்டித் தேட வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காக அந்த இடம். அந்தப் பக்கத்துக் கரண்டிக் காம்புகளில் எல்லாம் மஞ்சள் நூல் சுற்றியிருக்கும். கரண்டி மாறிப்போகாது. யாரிடமும் எதையும் விளக்கவும் வேண்டாம். சாப்பாட்டு மேசையில் மரியாதை எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் அந்த நூலைத்தான் சொல்வேன்.

உப்புக்கும் ஊறுகாய்க்கும் முத்துச்சிப்பி. உள்ளங்கையில் அடங்கும் அளவு, வெளியே சொரசொரப்பு, உள்ளே பால்வெள்ளையில் ஊதாவும் பச்சையும் ஓடும். தாத்தா காலத்துச் சிப்பிகள் அவை. 1955 தொடங்கி 1961 வரை வருஷம் தவறாமல் முத்துச் சலாபம் நடந்ததாம். கல்லின் பாரத்தில் இறங்கி, மூச்சடக்கி வாரி வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளியாளிக்கு. குளியாளி தன் பங்கைக் கரையிலேயே விற்பார். ஊரில் கையில் நாலு காசு இருந்தவர்கள் எல்லாம் வாங்கி உடைத்துப் பார்த்தார்கள். தாத்தாவும் வாங்கினார். முத்து கிடைக்கவில்லை. ஊறுகாய்க் கிண்ணம் கிடைத்தது. 1961க்குப் பிறகு சொல்லும்படியாக முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியிலேயே சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டினார்கள், பெரிய சாதனைதான். கடற்கரையில் கொட்டாய் போட்டு ஊரே கூடிய அந்தச் சலாபம் மட்டும் திரும்பவில்லை. நான் பிறந்தபோது முத்து ஊர் என்ற பேர்தான் மிச்சம் இருந்தது. பேரும் எங்கள் வீட்டு ஊறுகாயும்.

சங்கு வேறு கதை. சங்குக் குளிப்பு நின்றுபோகவில்லை. வங்காளத்துப் பெண்களின் கைவளையாகப் போய்க்கொண்டே இருந்தது. வளைக்கு ஆகாத ஓட்டைச் சங்கு ஒன்று எங்களிடம் இருந்தது. கை துடைக்கச் சதுரமாக வெட்டிய பழைய வேட்டித் துண்டுகளுக்குப் பாரம் அதுதான், அதன் வாயில் ஒரு கொத்துக் காகிதப்பூ. குரோட்டன்ஸ் கிளைக்கு ஹார்லிக்ஸ் பாட்டில், லேபிள் போக ஊறவைத்தது. மேசைக்குப் பக்கத்தில் வரிசையாகப் பித்தளைக் குடங்கள். அதை அலங்காரம் என்றுதான் விருந்தாளிகள் நினைத்தார்கள். வல்லநாட்டுத் தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாத ஊரில் குடங்கள் நிறைந்தே இருந்தாக வேண்டும். நிறைகுடத்தை மறைத்து வைப்பானேன் என்று அத்தை அவற்றுக்கும் ஓரிடம் கொடுத்தாள்.

எல்லாம் வைத்து முடித்ததும் வாசலுக்குப் போய் நின்று, உள்ளே வருகிறவரின் கண்ணோடு ஒரு தடவை பார்ப்பாள். திரும்பி வந்து ஏதாவது ஒன்றை அரை விரல் நகர்த்துவாள். எதை நகர்த்தினாள், ஏன் நகர்த்தினாள் என்று எங்களுக்குப் புரிந்ததில்லை, ஆனால் அதற்குப் பிறகு மேசை சரியாகிவிடும். பிறகு இலங்கை வானொலியைத் திருகிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து முதல் செருப்புச் சத்தத்துக்குக் காத்திருப்பாள். அப்துல் ஹமீதின் குரல் எங்கள் கூடத்தில் அடுத்த தெருவிலிருந்து பேசுவதாகக் கேட்கும். "எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்க, வெக்கப்படாதீய." அத்தையின் குரல். கரகரப்பு கொஞ்சம், அதட்டல் கொஞ்சம். வாசலில் நிற்கிற எட்டாவது ஆளுக்கும் கேட்கும்படி. அதை யாரும் பதிவுசெய்து வைக்கவில்லை. அந்தக் காலத்தில் யார் குரலைத்தான் யார் பதிவுசெய்தார்கள்?

மாலையில் ஆலைச் சங்கு ஊதும். 1908இல் வ.உ.சி. முன்னின்று கோரல் மில் வேலைநிறுத்தத்தை நடத்திய ஊர், ஆலைச் சங்குக்குத்தான் வீடுகளில் கடிகாரம் வைப்பார்கள். அது ஊதியதும் அத்தை எழுந்து குழம்பைச் சூடு பண்ணுவாள், அடுத்த கூட்டம் வரப்போகிறது என்று. பழைய துறைமுகத்துப் பக்கமிருந்து கப்பலின் ஊதல் வேறு, அடித்தொண்டையில், நெடுநேரம்.

ராட்டர்டாமும் துறைமுகம்தான், ஐரோப்பாவிலேயே பெரியது. ஆனால் கப்பல்கள் எல்லாம் நகரத்தை விட்டு நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் கடல்முகத்துக்குப் போய்விட்டன. என் சன்னலில் ஊதல் கேட்பதில்லை. இந்த நாட்டுக்காரர்கள் 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து எங்கள் ஊரைப் பிடித்தார்கள், முத்தின் மேல் கண். இடையிடையே கைவிட்டுப்போயும் 1825 வரை வைத்திருந்தார்கள். 1750இல் அவர்கள் கட்டிய கோயில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. அவர்களில் எத்தனை பேர் எங்கள் கடற்கரையில் உட்கார்ந்து இந்த ஊருக்காக ஏங்கியிருப்பார்கள் என்று சில வேளை நினைத்துக்கொள்வேன். நினைப்பதில் ஒரு அற்ப திருப்தி.

இங்கேயும் ஆகஸ்ட் 5க்கு மேசை போடுகிறேன். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. பளிங்குப் பலகை, கண்ணாடிக் கிண்ணங்கள், சரமாக எரியும் குட்டி விளக்குகள், இவை எல்லாவற்றுக்கும் தனி அலமாரி. கணவரின் அலுவலகத்தார் வந்து படம் எடுத்துக்கொண்டு அழகாக இருக்கிறது என்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. மறுநாள் கழுவித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தால் அடுத்த வருஷம்வரை அவற்றுக்கு வேலையில்லை. அத்தையின் மேசையில் இருந்த சாமான் ஒவ்வொன்றுக்கும் ஆகஸ்ட் 6 காலையில் வேலை இருந்தது. சுளகு அடுப்படிக்குப் போகும், படி அரிசிப் பானைக்குள் போகும், தட்டில் இட்லி வேகும், வேட்டி அப்பா இடுப்புக்குப் போகும், ஈயக் குண்டுகளைப் பிரித்தெடுத்த பிறகு.

நீங்கள் எந்த ஊரை விட்டு வந்தவரோ எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கை இருந்திருக்கும், பொங்கலுக்கோ, பெருநாளுக்கோ, தீபாவளிக்கோ. அந்தக் கை வைத்த மாதிரி நீங்கள் வைத்துப் பார்த்திருப்பீர்கள். வந்திருக்காது.

அத்தை போய்விட்டாள். வீடு கைமாறிவிட்டது. தேக்கு மேசை யாரிடம் என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். பித்தளை எல்லாம் எடைக்குப் போயிற்று. சிப்பிகளைப் பங்கு கேட்க யாருமில்லை, குப்பையோடு போயிருக்கும். 2023இல் தங்கத் தேர் ஓடியபோது கைபேசியில் முழுவதும் பார்த்தேன், வடம், கூட்டம், மேலே மாதா, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மேசையை யாரும் நேரலையில் காட்டுவதில்லை.

தூத்துக்குடியில் வீடு உள்ளவர்களிடம் ஒரு விண்ணப்பம். திருவிழாவுக்கு வெள்ளையடிக்கும் சாக்கில் பரணைக் காலி செய்யும்போது பழைய பாத்திரக்காரரைச் சற்று நேரம் வாசலிலேயே நிற்க வையுங்கள். போணியையும் படியையும் அடுக்கு இட்லித் தட்டையும் தனியே எடுத்து வையுங்கள். எடைக்குப் போட்டால் அவற்றுக்குக் கிடைக்கும் விலை ரொம்பக் குறைவு.