விதையும் தண்டும்

தினை விதைத்தவன் தினை அறுப்பான் என்பது எமது முன்னோர் வாக்கு. புதினா விதைத்தவன் எதனை அறுப்பான் என்ற வினாவுக்கு விடைகாண எனக்குப் பல மாதங்கள் சென்றன. அவ்விடையை நினைக்குந்தோறும், என் தாயாரை நோக்கி நான் கூறிய ஒரு சொல்லும் கூடவே நினைவுக்கு வருகின்றது.

அது 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதி. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம். வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரச ஊழியர்க்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கப்பட்டது. எழுதுவினைஞராகிய தந்தையார் யாழ்ப்பாணத்து எமது வீட்டு வளவில் வெண்டியும் கத்தரியும் நட்டார். பல்கலைக்கழகம் புகக் காத்திருந்த நானும் என் பங்குக்கு ஒரு பொதி புதினா விதை வாங்கிவந்தேன்.

கிணற்றடியில் புதினாப் பாத்தியொன்று முன்னரே இருந்தது. அதனைச் சுட்டிக்காட்டிய அம்மா, "புதினாவை ஆரும் விதைக்கிறவையே, பிள்ளை? இரண்டு தண்டை ஒடிச்சு ஊண்டிவிட்டாப் போதுமே" என்றார். விலைவாசி ஏறிய அந்நாளில் விதைக்குப் பணம் செலவிட்டதே அவருக்கு மனக்குறை. எனக்கோ, எதையும் முதலிலிருந்து நானே ஆக்கவேண்டும் என்ற செருக்கு. "அம்மம்மா செய்ததை விட்டா உங்களுக்கு வேறை என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். அம்மா மறுமொழி கூறாது குசினிக்குள் சென்றுவிட்டார்.

முதல் விதைப்பு முற்றாகப் பிழைத்தது. பயற்றை ஊன்றுவதுபோல் விரலால் குழிதோண்டி, செம்மண்ணில் இட்டு மூடி, வாளியால் நீர் வார்த்தேன். மூன்று வாரமாகியும் ஒன்றேனும் முளைக்கவில்லை. பின்னர் படித்தறிந்தேன்: புதினா விதை தூசிபோல் நுண்ணியது, தன்மேல் கிடக்கும் மண்ணைத் தள்ளி எழுவதற்குப் போதிய உணவு அதனுள் இல்லை, முளைப்பதற்கு அதற்கு வெளிச்சமும் வேண்டும். புதைத்தது என் தவறு.

இரண்டாம் முறை, யோகட் கோப்பைகளின் அடியில் துளையிட்டு, அரித்த தும்புத்தூளும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பினேன். விதைகளை மேலே தூவி, மூடாமல், உள்ளங்கையால் மெல்ல அழுத்தினேன். மேலிருந்து நீர் ஊற்றினால் விதை அடித்துச் செல்லப்படும் ஆதலால், கோப்பைகளை நீர்த்தட்டில் வைத்து, ஈரம் கீழிருந்து ஊறி ஏறுமாறு செய்தேன். சோளகக் காற்று கலவையைக் காயவைத்துவிடும் என்றஞ்சித் தாழ்வாரத்தின் நிழலில் வைத்துக் காலையும் மாலையும் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள், குண்டூசித் தலையளவில் பச்சைப் புள்ளிகள் தோன்றின. அவற்றுள் ஒன்பது செடிகள் பிழைத்தன.

ஒன்றரை மாதம் கழிந்து இலைகளைக் கசக்கி முகர்ந்தபோதுதான் வியப்புக் காத்திருந்தது. ஒன்பதும் ஒரே மணத்தன அல்ல. ஒன்றில் புல்வாடை; ஒன்றில் காரம்; ஒன்று மட்டும் இனிய மணம் வீசிற்று. அதன் இலையை அம்மாவிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்தவர், "நல்லாயிருக்கு. ஆனா இது எங்கடை புதினா இல்லை" என்றார். பிறகு, நான் கேளாமலே, கிணற்றடிப் பாத்தியின் கதையைச் சொன்னார்.

அது அம்மம்மா நட்ட பாத்தி. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் ஊரோடு இடம்பெயர்ந்தபோது அதனை விட்டுச் சென்றார்கள். மறு ஆண்டு திரும்பிவந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றடியில் பச்சையென்று சொல்ல ஒரு புல்லும் இல்லை. அம்மம்மா முதலில் கிணற்றை இறைப்பித்தார். இறைத்த நீர் ஓடிய வழியில், மண்ணுக்குள் காய்ந்து கிடந்த தண்டொன்று சில நாட்களில் துளிர்த்தது. அத்தண்டை ஒடித்து ஒடித்தே அவரும், அவருக்குப்பின் அம்மாவும் அப்பாத்தியை இன்றுவரை காத்துவந்திருக்கிறார்கள்.

விதையிலிருந்து எழுவது புதியதோர் உயிர். தாய்ச்செடியின் இயல்புகளை மாற்றியும் கலந்தும் கொண்டு வருவது. ஒடித்து நட்ட தண்டோ தாய்ச்செடியின் பிள்ளையன்று, அந்தச் செடியேதான். அம்மம்மா இறந்து ஆண்டுகள் பல ஆயினும், அவர் கைப்பட நட்ட அதே செடியையே அம்மா நாள்தோறும் கிள்ளிச் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தார். "வேறை என்ன தெரியும்" என்று நான் எள்ளியது எதனை என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று. மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. அன்று மாலை பாத்திக்கு நீரூற்றினேன், அவ்வளவே.

ஆயினும் விதைத்தது வீண் என்று நான் கருதவில்லை. தண்டு மட்டுமே இருந்திருந்தால் உலகில் ஒரேவகைப் புதினாவே இருந்திருக்கும். இனிப்புப் பண்டங்களில் மணக்கும் பெப்பர்மின்ட், நீரோரங்களில் வளரும் ஒருவகைப் புதினாவும் சமையலுக்குரிய ஸ்பியர்மின்டும் கலந்து பிறந்த புதுச்செடி. ஆனால் அதுவோ மலடு. அதன் பூ முளைக்கத்தக்க விதை தருவதில்லை. யாரோ ஒருவர் தண்டை ஒடித்து நட்டுக் காத்ததனாலேயே அது இன்றும் வாழ்கின்றது. புதியது பிறப்பதற்கு விதை வேண்டும்; பிறந்தது நிலைப்பதற்கு ஒடித்து நடும் கை வேண்டும்.

நான் பேராதனைக்குப் புறப்பட்ட நாளில் அம்மா ஈரத்துணியில் சுற்றிய தண்டுகள் சிலவற்றைப் பைக்குள் வைத்தார். இப்போது என் விடுதி அறைச் சாளரத்தில் இரண்டு சாடிகள் உள்ளன. ஒன்றில் அம்மம்மாவின் புதினா, மற்றையதில் நான் விதைத்தவற்றுள் மணம் நல்லதாயிருந்த அந்த ஒன்று. ஒரே சாடியில் நட்டால் ஓடுதண்டுகள் பின்னி, எது எதுவெனத் தெரியாது போய்விடும் என்பதால் பிரித்தே வைத்திருக்கிறேன்.

சென்ற வாரம் தொலைபேசியில் அம்மா கேட்டார்: "உன்ரை புதினா எப்பிடி இருக்கு?" செழிப்பாக இருக்கிறது என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்தவர் சொன்னார்:

"லீவுக்கு வரேக்கை அதிலை இரண்டு தண்டு ஒடிச்சுக்கொண்டு வா, பிள்ளை. கிணத்தடியிலை இடம் இருக்கு."