மல்லாட்டையும் ஓட்ஸ் குக்கியும்

2012ஆம் ஆண்டுக் கோடையில் அம்மா திண்டிவனத்திலிருந்து நியூஜெர்ஸிக்கு வந்து எங்களோடு சில மாதங்கள் தங்கியிருந்தாள். பெட்டியில் பாதி இடத்தைக் கடலை உருண்டைகளே பிடித்துக்கொண்டிருந்தன. அத்தனையும் எங்களுக்கு. அவளால் ஓர் உருண்டையைக்கூடக் கடிக்க முடியாது. பல்செட் பொருந்தவில்லை என்று கழற்றி வைத்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை மருவி அப்படியாயிற்று. ஆயுள் முழுவதும் மல்லாட்டை பிடுங்கியும் ஆய்ந்தும் வாழ்ந்தவள், நாங்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குச் சங்கடமாக இருந்தது.

அவள் வாய்க்கு ஏற்ற கடலைப் பண்டம் ஒன்றைத் தேடியபோதுதான், அலுவலகத்தில் எப்போதோ தின்ற ஓட்ஸ் குக்கி நினைவுக்கு வந்தது. அமெரிக்கர்களின் மூன்று குக்கிகள் அதில் ஒன்றாகியிருக்கின்றன: ஓட்ஸ் குக்கி, பீநட் பட்டர் குக்கி, 1930களில் மாசசூசெட்ஸ் மாநிலத்து விடுதியொன்றில் ரூத் வேக்ஃபீல்டு செய்து புகழ்பெற்ற சாக்லெட் சிப் குக்கி.

முதல் தடவை செய்தது ஓடு போல வந்தது. 'இதுக்கு உருண்டையே தேவலாம்' என்றாள் அம்மா. பிழை எங்கே என்பது மூன்றாம் தடவையில்தான் பிடிபட்டது. வெள்ளைச் சர்க்கரையைக் குறைத்துப் பழுப்புச் சர்க்கரையைக் கூட்டவேண்டும். அதிலுள்ள கரும்புப் பாகு ஈரத்தை விடாமல் பிடித்துவைக்கும். அரைக் கப் வெண்ணெய், அரைக் கப் பீநட் பட்டர், அரைக் கப் பழுப்புச் சர்க்கரை, கால் கப் வெள்ளைச் சர்க்கரை, ஒரு முட்டை. இவற்றைக் குழைத்தபின் முக்கால் கப் மைதா, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கப் தட்டையான ஓட்ஸ், ஒரு கப் சாக்லெட் துண்டுகள். மாவை அரை மணி நேரம் குளிரவைத்து, உருட்டி, 350 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் பத்து நிமிடம் வைத்தால் போதும். ஓரம் சிவந்து நடுப்பகுதி வேகாததுபோல் தெரியும்போதே எடுத்துவிடவேண்டும். மீதியைத் தட்டின் சூடே பார்த்துக்கொள்ளும். வெந்துவிட்டது என்று நம் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்ததுதான் என் பிழை.

அம்மா ஒன்றைப் பிட்டு வாயில் ஒதுக்கிக்கொண்டு, கண்ணை மூடி, 'மல்லாட்டைதான்' என்றாள்.

அதன்பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் தட்டை நீட்டுவது அவள் வேலையாயிற்று. ஒரு நாள் என் மகளின் பள்ளித்தோழி விளையாட வந்தாள். எட்டு வயதுப் பெண். குக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு, இதில் பீநட் இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. 'சாப்பிடு கண்ணு' என்று நம் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள். நமக்கு அது ஆம். அந்தக் குழந்தைக்கு அது இல்லை.

நல்லவேளையாக என் மகள் பார்த்துவிட்டாள். அவள் பாய்ந்து தட்டிவிட்டதில் குக்கி தரையில் விழுந்து உடைந்தது. அந்தப் பெண்ணின் பையில் எப்போதும் எப்பினெஃப்ரின் ஊசி இருக்கும் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. குழந்தையின் கையைக் கழுவிவிடும்போது என் விரல்கள் நடுங்கின. வீட்டுக்கு வரும் குழந்தைக்கு எது ஆகாது என்று அவள் தாயிடம் முன்பே கேட்டிருக்கவேண்டியவன் நான்.

சிலருடைய உடல், கடலையிலுள்ள புரதத்தை எதிரியென்று பிழையாக எண்ணிப் போர் தொடுத்துவிடுகிறது என்று அன்றிரவு அம்மாவுக்கு விளக்கினேன். நெடுநேரம் பேசாமலிருந்தாள். 'மல்லாட்டை கூட விஷமா ஆவுமாப்பா?' என்று மட்டும் கேட்டாள். பசித்த ஊருக்கே சோறாக இருந்த பயிரைப் பற்றி அவளிடம் அப்படிச் சொல்ல நேர்ந்ததில் எனக்கும் வருத்தம்தான். இரண்டு நாள் அவள் தட்டைத் தொடவில்லை.

கேட்காமல் பரிமாறுவதுதான் நம் ஊரில் உபசாரம். 'போதும்' என்றாலும் இன்னொரு கரண்டி விழும். விருந்தினரிடம் முதலில் கேட்பதும் உபசாரம்தான் என்று எங்கள் இருவருக்கும் அந்த ஒரு குக்கி கற்றுக்கொடுத்தது.

அம்மா ஊர் திரும்பி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அண்மையில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பிள்ளை அவளிடம் வந்து நிற்கும் அரவம் கேட்டது. அம்மா பேச்சை நிறுத்திவிட்டு அவனிடம் கேட்டாள்: 'ஏண்டா கண்ணு, உனக்கு மல்லாட்டை ஒத்துக்குமா?'