விலை இறங்கினால் தரகரா குற்றவாளி?



மனை விலை ஏறிக்கொண்டிருந்த நாட்களில் தரகர் நம் வாசலை மிதித்தால் நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து உபசரித்தோம். விலை சரிந்த பின் அதே மனிதர் தெருமுனையில் வருவதைக் கண்டு முகத்தைத் திருப்பிக் கொண்டோம். "புரோக்கர்" என்னும் சொல்லே நம்மிடையே வசைச்சொல்லாகி விட்டது. சம்பந்தம் பேசும் இடத்தில், மாப்பிள்ளையின் வாப்பா நிலத் தரகர் என்று தெரிந்ததும் பெண்வீட்டாரின் குரல் இறங்கிப் போவதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

2016, 2017 ஆம் ஆண்டுகளை நினைவுபடுத்திப் பாருங்கள். 2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாதெனச் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. இரண்டு மாதங்களில், நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாயின. பாதித் தொகையைப் பத்திரத்திலும் மீதியைப் பையிலுமாகக் கைமாற்றிப் பழகிய வியாபாரம் அத்துடன் படுத்தது. பல இடங்களில் சந்தை விலை அரசின் வழிகாட்டி மதிப்புக்கும் கீழே போயிற்று. குறைந்த விலைக்கு வாங்குபவரும் கூடுதல் மதிப்புக்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டியிருந்ததால், வந்தவர்களும் பின்வாங்கினர். 2017 ஜூன் 9 முதல் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தியது. ஒரு கையால் கொடுத்து மறுகையால் வாங்கிக் கொண்டார்கள். (2023 ஏப்ரலில் பழைய மதிப்பே திரும்ப வந்து, கட்டணம் 2 சதவீதமாயிற்று.)

இவற்றுள் எதைத் தரகர் செய்தார்? ஆயினும் பழி அவர் தலையில்தான் விழுந்தது.

எங்கள் ஜமாஅத்துக்கு அக்காலத்தில் வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். சபுராளி ஒருவரின் குடும்பம். வாப்பா மவ்த்தாகி விட்டார். வீட்டில் குமர்க் காரியம் நிற்கிறது. வாப்பா கட்டிய வீட்டை விற்றுத்தான் நிக்காஹை நடத்த வேண்டும். நாற்பது இலட்சம் என்று விலை வைத்தார்கள். அது 2014 இல் பக்கத்து வீடு போன விலை. முப்பதுக்கு மேல் போகாது என்று தரகர் முதல் நாளே சொன்னார். உடனே அவர் மீது சந்தேகம் வந்து விட்டது: வாங்குபவரிடம் பணம் வாங்கிக் கொண்டு விலையை அடிக்கிறார் என்று. ஏழு மாதங்களில் பதினொரு பேரை அழைத்து வந்து காட்டினார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மட்டும் இரண்டு தடவை வந்து பார்த்துச் சென்றார். பின்னர் அவருக்கே, தரகரை விலக்கி விட்டு, இருபத்தொன்பதரை இலட்சத்துக்கு நேரடியாகக் கிரயம் முடித்து விட்டார்கள். தரகருக்குச் செய்தி தெரிந்தது பத்திர எழுத்தர் மூலமாக, அதுவும் பதிவு நடந்த அன்று.

அவர் ஜமாஅத்தில் மனுக் கொடுத்தார். எழுத்தில் ஒப்பந்தம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை. நாலு படி ஏறி இறங்கியதற்குக் கூலியா என்று பெரியவர் ஒருவர் கேட்க, சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அந்த மனிதர் தலைகுனிந்து நின்றார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு.

அப்போது ஹஜ்ரத் ஒரு ஹதீஸை நினைவூட்டினார். கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) அறிவிப்பது. அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இருக்கிறது. அக்கால மதீனாவில் சந்தை வியாபாரிகளைத் தரகர் என்று பொருள்படும் பெயரால் அழைத்து வந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அவ்வழியே வந்தபோது, அதனினும் சிறந்த பெயராகிய வணிகர் என்னும் பெயரால் அவர்களை அழைத்தார்கள். வணிகத்தில் வீண்பேச்சும் சத்தியமும் கலந்து விடும் என்பதால் அத்துடன் தர்மத்தையும் கலந்து கொள்ளுமாறு அறிவுறுத்தினார்கள். பெயரை உயர்த்தினார்கள்; தொழிலின் ஆபத்தையும் மறைக்கவில்லை. இமாம் புகாரி தம் தொகுப்பில் தரகுக் கூலிக்கெனத் தனித் தலைப்பே வைத்து, இப்னு சீரீன், அதா போன்ற முன்னோர் அக்கூலியில் குற்றம் காணவில்லை என்று குறித்திருக்கிறார்.

கூடத்தில் பேச்சு அடங்கிற்று. சபுராளித் தம்பி தொலைபேசியில், தரகர் காட்டிய ஆள்தான் அவர் என்பது தனக்குச் சொல்லப்படவில்லை என்றார். நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் 29,500 ரூபாய் இரண்டு தவணையாக வந்து சேர்ந்தது.

தரகர்களைத் தூக்கி வைத்துப் பேச நான் வரவில்லை, வாசகர்களே! "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது" என்று சொல்லி, வயற்காட்டில் கல் நட்டு, அரபு நாட்டு வெயிலில் ஈட்டிய காசை வாங்கியவர்கள் உண்டு. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும், ஊராட்சித் தலைவரின் கையெழுத்து போதாது என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்தே இருந்தது. தடை வந்த பின், வாங்கியவர் அந்த மனையைப் பெண்ணின் கல்யாணத்துக்கும் விற்க முடியாமல் தவித்தார். 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. அதற்கும் கட்டணம் கட்டியவர் வாங்கியவரே. வாங்க எண்ணமில்லாத ஆளை அனுப்பி விலையைக் கூட்டுவதை நம் மார்க்கம் தடுத்திருக்கிறது. விலை சரியும் காலத்தில் அதே ஆளை அனுப்பி அடிமாட்டு விலை கேட்கச் செய்து, விற்பவரை நடுங்க வைப்பதும் அதே இனந்தான் என்பது என் எண்ணம்.

ஆனால் நம்மையும் சற்றுப் பாருங்கள். ஏறுமுகத்தில் நாம் சொன்ன விலைக்கெல்லாம் "மாஷா அல்லாஹ், கிடைக்கும்" என்று தலையாட்டியவரே நல்ல தரகர். உள்ள நிலவரத்தைச் சொன்னவரை மாற்றி விட்டு வேறொருவரைத் தேடினோம். பொய்க்குச் சந்தை உண்டாக்கியதில் நமக்கும் பங்கு இல்லையா?

2016 இல் இயற்றப்பட்ட ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவுக்குரிய புதிய மனைத்திட்டங்களையும் அடுக்குமாடிகளையும் விற்றுத் தரும் முகவர் ஆணையத்தில் தம்மைப் பதிவு செய்திருக்க வேண்டும். அவரிடம் பதிவு எண்ணைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். பழைய வீட்டைக் கைமாற்றி விடும் தெருத்தரகரிடம் அந்த எண் இராது. அவருடன் ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள்: தரகு நூற்றுக்கு எவ்வளவு, ஒருபக்கமா இருபக்கமா, அவர் அழைத்து வந்தவர்கள் யார் யார், எத்தனை மாதத்துக்குள் அவர்களில் ஒருவர் வாங்கினால் தரகு உண்டு என்பதை. குறித்த விலைக்கு மேல் கிடைப்பது தரகருக்கே என்று பேசிக் கொள்வதையும் இப்னு அப்பாஸ் (ரலி) தவறாகக் கருதவில்லை. அது விற்பவருக்குத் தெரிந்து பேசியதாக இருக்க வேண்டும். வில்லங்கச் சான்றைத் தரகர் காட்டினாலும் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதற்காக அவர் கோபித்துக் கொண்டால் வேறு தரகரைப் பார்க்கலாம்.