போட்ட அன்று நல்லதுதான்

கீழக்குயில்குடி, நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கமிருந்து 'சிஸ்டம் ஸ்லோவா இருக்கு' என்று என்னிடம் வரும் கம்ப்யூட்டர்களில் நான் முதலில் திறப்பது குரோமின் எக்ஸ்டென்ஷன் பக்கத்தைத்தான். ராம், ஹார்டு டிஸ்க் எல்லாம் அப்புறம். மெஷின் யாருடையது என்பது அங்கேயே தெரிந்துவிடும். பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்பவர் என்றால் பிடிஎஃப் மாற்றி. இ-சேவை மையம் என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுப்பது, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்கு போட்டோ சுருக்குவது, தமிழ் டைப்பிங். எல்லாம் ஒரு அவசரத்துக்குப் போட்டவை, அவசரம் தீர்ந்தும் எடுக்காதவை.

"நல்லாத்தானே இருக்கு தம்பி, லட்சம் பேரு போட்டுருக்காய்ங்க!" என்பார் மையம் நடத்தும் அக்கா.

போட்ட அன்று நல்லதுதான். 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற எக்ஸ்டென்ஷனை 20 லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். சும்மா கிடக்கும் டேப்களைத் தூங்கவைத்து மெமரியை மிச்சப்படுத்தும் நல்ல கருவி. 2020 ஜூனில் உருவாக்கியவர் அதைக் கைமாற்றிவிட்டார். 2021 பிப்ரவரியில் மால்வேர் என்று சொல்லி கூகுளே அதை முடக்கியது. இடையில் பயன்படுத்தியவர்கள் புதிதாக எதையும் தொடவில்லை. அப்டேட் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. கூடுதல் பெர்மிஷன் தேவைப்படும் அப்டேட் என்றால் குரோம் எக்ஸ்டென்ஷனை நிறுத்திவைத்து நம்மைக் கேட்கும். ஆனால் எல்லா வெப்சைட்டிலும் உள்ளதைப் படிக்கலாம், மாற்றலாம் என்று முதல் நாளே ஓகே கொடுத்திருந்தால், பிறகு கேட்க என்ன மிச்சம்?

விற்கக்கூட வேண்டியதில்லை. தகவல் திருட்டைத் தடுப்பதையே தொழிலாகக் கொண்ட சைபர்ஹேவன் நிறுவனத்தில், 2024 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஊழியர் ஒருவர் போலி மெயிலில் ஏமாந்தார். மறுநாள் அந்த நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனுக்கே விஷம் கலந்த பதிப்பு குரோம் ஸ்டோரில் ஏறி, ஏறத்தாழ ஒரு நாள் இருந்தது. குறி, பேஸ்புக் விளம்பரக் கணக்குகளின் குக்கீ. லாகின் ஆன குக்கீயே கையில் கிடைத்தவனுக்கு ஓடிபி எதற்கு?

சில மெஷின்களில் 'ரிமூவ்' பட்டனே இருக்காது. 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று குரோம் சொல்லும். ஒற்றை அறை ஜெராக்ஸ் கடையில் எந்த நிறுவனம்? கிராக் சாப்ட்வேரோடு வந்தது ரெஜிஸ்ட்ரியில் பாலிசி எழுதி வைத்திருக்கும். அந்த வரியை அழித்தால் போதாது. அதை எழுதிய புரோகிராமையும் தேடி எடுக்காவிட்டால் அடுத்த ரீஸ்டார்ட்டில் திரும்ப வந்துவிடும். கடை மெஷினில் சொந்த ஜிமெயிலைப் போட்டு சிங்க் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வம்பு: வீட்டில் பையன் போட்ட கேம் எக்ஸ்டென்ஷனும் கடைக்கு வந்து நிற்கும்.

சந்தேகப்பட்டதை நீக்கிய பிறகு, முக்கியமான கணக்குகளில் எல்லா சாதனங்களிலிருந்தும் லாக்அவுட் செய்யச் சொல்வேன். எக்ஸ்டென்ஷன் போனாலும், எடுத்துப்போன குக்கீ வேலை செய்துகொண்டிருக்கலாம். பலரும் இந்த இடத்தில்தான் சலித்துக்கொள்வார்கள், பாஸ்வேர்டு மறந்திருக்கும்.

இ-சேவை மைய அக்காவின் மெஷினில் டைப்பிங் எக்ஸ்டென்ஷனை எடுத்துவிட்டு விண்டோஸிலேயே உள்ள தமிழ் கீபோர்டைப் போட்டுக்கொடுத்தேன். போட்டோ சுருக்கியை மட்டும் அக்கா விடவில்லை. அதற்குத் தனியாக ஒரு குரோம் புரொஃபைல். பேங்க், ஆதார் வேலைக்கு எக்ஸ்டென்ஷனே இல்லாத இன்னொன்று. இரண்டுக்கும் வேறு வேறு நிறம் வைத்திருக்கிறோம்.