பட்டியலில் விடுபட்ட ஏழு பிள்ளைகள்



கடந்த வருடம் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் புத்தகப்பை தர ஒரு தனவந்தர் முன்வந்தார். வகுப்புவாரியாகப் பெயர்ப் பட்டியல் கேட்டார். தகவல் தொழினுட்பம் படிப்பிக்கும் நாங்கள் இருவரும், "கையால் எழுதத் தேவையில்லை, அக்சஸில் அறிக்கை எடுத்துத் தாறோம்" என்று அதிபரிடம் பெருமையாகச் சொன்னோம்.

மாணவர் விபரம் ஓர் அட்டவணையில் இருந்தது. வாப்பாமாரின் பெயரும் தொழிலும் இன்னோர் அட்டவணையில். வினவலில் இரண்டையும் இணைத்து, வந்த பதிவுகளை வகுப்புவாரியாகத் தொகுத்து அறிக்கையாக அச்சிட்டோம். பார்க்க அழகாக இருந்தது.

பை கொடுத்த அன்று தரம் 6 பிள்ளை ஒன்று கடைசிவரை நின்றுவிட்டுக் கேட்டது: "சேர், என்ட பேர் ஏன் வாசிக்கல்ல?"

தேடிப் பார்த்தோம். ஏழு பேர் விடுபட்டிருந்தார்கள். ஏழு பேரும் வாப்பா இல்லாத பிள்ளைகள்.

கணினியில் பிழையில்லை. நாங்கள் போட்டது இன்னர் ஜொயின். இரண்டு அட்டவணையிலும் பொருந்தும் பதிவுகளை மட்டுமே அது தரும். வாப்பாவின் பதிவு இல்லையென்றால் பிள்ளையின் பதிவும் வராது. பிழைச் செய்தி எதுவும் காட்டாது. லெஃப்ட் ஜொயின் போட்டிருந்தால் எல்லாப் பிள்ளைகளும் வந்திருப்பார்கள். வாப்பாவின் இடம் மட்டும் வெறுமையாக இருந்திருக்கும்.

மறுநாளே எங்கள் காசில் ஏழு பை வாங்கிக் கொடுத்தோம். ஆனால் எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பிள்ளை நின்ற நிலையை எங்களால் மாற்ற முடியவில்லை.

பட்டியலில் பெயர் இல்லாமற்போவது என்னவென்று நமது கரையோரத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26இன் பின் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் நாம் பட்டியல்களில்தானே சொந்தங்களைத் தேடினோம். அந்த நாட்களில் இலங்கைக் கணினித் தொண்டர்கள் 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர் பதிவேடும் முகாம் பதிவேடும் அதில் இருந்தன. 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும் அது பயன்பட்டது. பதிவுகளை ஒழுங்காகத் தொகுத்தால் அவ்வளவு உதவலாம்.

இப்போது அச்சிட முன் இரண்டு எண்ணிக்கைகளை ஒப்பிடுகிறோம்: மாணவர் அட்டவணையில் எத்தனை பேர், அறிக்கையில் எத்தனை பேர். கூடக்குறைய இருந்தால் அச்சிடுவதில்லை.

பள்ளிவாசல்களில் ஸகாத், நிவாரணப் பட்டியல்களைக் கணினியில் தயாரிக்கும் சகோதரர்களே, நீங்களும் இப்படி ஒருதரம் எண்ணிப் பாருங்கள். விடுபடுவது பெரும்பாலும் யாருக்கு அந்த உதவி கட்டாயம் தேவையோ, அவர்களுடைய பெயர்தான்.