துடுப்பில் வைத்த காது

இலங்கையின் நிந்தவூரில் ஒரு கல்யாண வீட்டில் ஆறு பேரை வட்டமாகப் பாயில் உட்கார வைத்து, நடுவில் ஒரே ஒரு பெரிய தட்டை வைத்தார்கள். சஹன் என்றார்கள். தட்டு நிறைய நெய்ச்சோறு, மேலே இறைச்சி, ஓரத்தில் கத்தரிக்காய். தனித்தட்டு யாருக்கும் கிடையாது. அவரவர் முன்னால் இருக்கிற சோற்றை அவரவர் அள்ளிச் சாப்பிட வேண்டும்.

என் கை தயங்கியது. அந்தத் தயக்கம் எனக்கே அதிர்ச்சி. பதினைந்து வருடம் நீர்மூழ்கிக் கப்பலில் கிடந்தவன் நான். ஒருவன் காவலுக்கு எழுந்து போனதும் அவன் உடல்சூடு ஆறாத படுக்கையில் அடுத்தவன் சாய்வான். நாள் கணக்கில் குளிக்காத எழுபது சொச்சம் பேரின் வியர்வையும் டீசலும் கலந்த காற்றையே எல்லோரும் மூச்சாக இழுத்தோம். அதற்கெல்லாம் பழகிய உடம்புதான். ஆனால் நாங்குநேரிப் பக்கத்துக் கிராமத்தில் சிறுவயதில் படித்த எச்சில் பாடம் அதற்கும் அடியில் அப்படியே கிடந்திருக்கிறது.

வலப்பக்கம் இருந்த பெரியவர் பார்த்துவிட்டார். எழுபது தாண்டியவர். முழங்கை வரை வெயிலில் கறுத்துக் காய்ப்பேறிய கை. தன் பக்கமிருந்த பெரிய கோழித்துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளினார்.

“சாப்பிடுங்க தம்பி. வெக்கப்படாம.”

பாதிச் சாப்பாட்டில்தான் கவனித்தேன். மற்ற சஹன்களில் எல்லாம் மாட்டிறைச்சி, எங்களுடையதில் மட்டும் கோழி. என் ஒருவனுக்காக மற்ற ஐந்து பேரும் கல்யாணச் சாப்பாட்டின் முக்கியமான கறியை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் மகன் தோஹாவில் வேலை பார்க்கிறான். அவனோடு அறையில் தங்கியிருக்கும் பையனின் தங்கைக்குக் கல்யாணம். அப்படித்தான் 2023 ஜூனில் அந்த ஊருக்குப் போனேன். இலங்கைத் தமிழ் என்றால் யாழ்ப்பாணம் என்று மட்டும் நினைத்திருந்த ஆள் நான். போன முதல் நாளே, “நீங்களும் தமிழர்கள்தானே” என்று அன்பாகத்தான் சொன்னேன். பையன் சிரித்தபடி, “இல்ல அங்கிள், நாங்க முஸ்லிம்கள். தமிழ் எங்கட பாஷை” என்றான். எங்கள் பக்கம் மேலப்பாளையத்து முஸ்லிம் தன்னைத் தமிழர் என்று சொல்ல யோசிக்கவே மாட்டார். இங்கே அந்தச் சொல்லுக்கு வேறு எல்லை இருக்கிறது, அதற்குப் பின்னால் முப்பது வருடப் போரும் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் அதிகம் பேசவில்லை. இன்னொன்றும் என்னை யோசிக்க வைத்தது. இங்கே வீடு மகளுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுகிறார். எங்கள் பக்கம் பெண் பிள்ளை அழுதுகொண்டே வீட்டைவிட்டுப் போவதைக் கல்யாணத்தின் ஒரு பகுதியாகவே பார்த்து வளர்ந்தவனுக்கு, மணப்பெண் தன் வீட்டு வாசலிலேயே நிம்மதியாக நின்றது புதிது.

வட்டிலப்பம் வந்தபோதுதான் அது நடந்தது. எதிரே இருந்த இளைஞன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். கொழும்புத் துறைமுகத்தில் இந்திய நீர்மூழ்கி வாகீர். பள்ளிப் பிள்ளைகள் போய்ப் பார்க்கிறார்களாம். உடனே மகனின் நண்பன் பெருமையோடு சொல்லிவிட்டான்: “எங்கட அங்கிள் இதிலதான் வேலை செஞ்சவர்!”

ஐந்து முகமும் என் பக்கம் திரும்பின. எனக்குச் சோறு தொண்டையில் நின்றது.

நான் பார்த்த வாகீர் வேறு. சோவியத் நாட்டில் கட்டி 1973இல் கடற்படையில் சேர்ந்த பழைய வாகீர் அது, 2001இல் ஓய்வு பெற்றுவிட்டது. இது அதே பெயரில் வந்த புதியது. என் கப்பல் இரண்டும் அல்ல. அதன் பெயரை இங்கேயும் எழுதப் போவதில்லை. எழுதினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று தெரியும், ஆனாலும் கை வரவில்லை.

விசாகப்பட்டினத்தில் வீரபாகு என்ற தளம். வெளியே போகும்போது அங்கே கண்டதையும் கேட்டதையும் வாசலிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். எப்போது புறப்படுகிறோம், எத்தனை நாள், எந்தத் திசை, எதுவும் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக்கூடாது. “கொஞ்ச நாளாகும்” என்பதுதான் என் அதிகபட்ச வாக்கியம். திரும்பி வந்தால் அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். சட்டையை முகர்ந்து பார்ப்பாள். எத்தனை முறை துவைத்தாலும் போகாத டீசல் நாற்றத்திலிருந்து தானே கணக்குப் போட்டுக்கொள்வாள். ஊரிலிருந்து வரும் கடிதத்தில் கப்பல் பெயரும் ஃப்ளீட் மெயில் ஆபீஸ் என்ற விலாசமும்தான் இருக்கும். அம்மா எழுதச் சொன்ன கடிதம் நான் கரைக்கு வந்த பிறகு, சில சமயம் இரண்டு மாதம் கழித்துக் கிடைக்கும். எங்கள் கப்பல் வகையைச் சேர்ந்த குர்சுரா 2002இலிருந்து விசாகப்பட்டினக் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. டிக்கெட் எடுத்தால் யார் வேண்டுமானாலும் டார்பிடோ அறைக்குள் நடக்கலாம். ஒருமுறை அதன் வாசல்வரை போனேன். நான் படுத்த மாதிரிப் படுக்கையில் ஒரு குழந்தை ஏறி நின்று படம் எடுத்துக்கொள்வதைப் பார்க்க முடியாமல் திரும்பிவிட்டேன்.

பெரியவர் கை கழுவி வந்து என் அருகில் உட்கார்ந்தார். காக்கா என்று கூப்பிடச் சொல்லியிருந்தார்கள், அண்ணனைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். ஐம்பது வருடம் கடலுக்குப் போனவர்.

“தம்பி, அடியில போறவனுக்கு மேல இரிக்கிற தோணி தெரியுமா? சத்தம் கேக்குமா?”

நான் சோனார்க்காரன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடலைக் கேட்பதுதான் பதினைந்து வருடமும் என் வேலை. அவர் கேட்டதற்குப் பதில் எந்த இயற்பியல் புத்தகத்திலும் இருக்கிறது, அதில் ரகசியம் ஒன்றுமே இல்லை. ஆனால் வாய் தானாகப் பேசியது.

“அதெல்லாம் சொல்லக்கூடாது காக்கா.”

அவர் தலையை ஆட்டினார். “ஓம், ஓம். சட்டம்தானே” என்று எழுந்து போய்விட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நெடுநாள் காத்திருந்து ஒரு வாசலைத் தட்டி, திறக்காமல் திரும்புகிறவரின் முகம் அது.

ராத்திரி பையன்தான் சொன்னான். பெரியவரின் தம்பி ஒருவர். கல்யாணம் முடிந்து ஆறு மாதம். அமைதியான இரவில் வலை போடப் போனவர் வரவில்லை. ஜனாஸா கிடைக்கவில்லை. ஒரு மிதப்பு மட்டும் கரை ஒதுங்கியது. என்ன நடந்ததென்று யாருக்கும் தெரியாது. கப்பல் மோதியதாகச் சிலர் சொன்னார்கள், சுழி என்று சிலர். கடலுக்கு அடியில் இருந்த ஆள் ஒருவன் இந்த ஊருக்குச் சாப்பிட வந்தது இதுதான் முதல் தடவையாம்.

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. கச்சான் காற்று வயல் பக்கமிருந்து வெக்கையோடு வீசியது. எனக்கு அம்மா ஞாபகம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் விஜயநாராயணத்தில் 1990இல் கட்டபொம்மன் நிலையம் வந்தது. வானம் முட்டும் கம்பங்கள், உச்சியில் ராத்திரியெல்லாம் சிவப்பு விளக்கு. சாதாரண ரேடியோ அலை கடல் நீருக்குள் இறங்காது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைதான் ஓரளவு ஆழம் வரை இறங்கும். அதை அனுப்பத்தான் அத்தனை பெரிய கம்பங்கள். அடியில் இருக்கும் கப்பல் அதைக் கேட்கலாம், அதே வழியில் பதில் அனுப்ப முடியாது. விடுமுறையில் போனபோது அம்மா திண்ணையிலிருந்து அந்த விளக்கைக் காட்டி, “அதுல இருந்துதான் ஒங்கிட்ட பேசுதாங்களாமே, நெசமாய்யா?” என்றாள். ஊரே பேசிக்கொண்ட விஷயம் அது. “எனக்கென்ன தெரியும்” என்றேன். தினமும் ராத்திரி அந்த விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள் என்று அவள் போன பிறகு தங்கை சொன்னாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

விடிந்ததும் கடற்கரைக்குப் போனேன். வேரோடு சாய்ந்த தென்னைகள் அலையில் கிடந்தன. தெற்கே ஒலுவிலில் துறைமுகம் கட்டிய பிறகு மணல் ஓட்டம் தடைபட்டு, வடக்கே இருக்கிற இந்தக் கரையைக் கடல் தின்கிறது. பெரியவர் ஒரு தோணியின் ஓரத்தில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் மணலில் உட்கார்ந்தேன்.

சொன்னேன். எஞ்சின் ஓடினால், சுழலி சுற்றினால், வெகு தொலைவிலேயே கேட்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு வலையோடு மிதக்கிற தோணி கேட்காது. காற்றில் போடும் சத்தம் தண்ணீரின் மேற்பரப்பில் பட்டு ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும், உள்ளே இறங்காது. ஸ்காட்லாந்தில் 1990 நவம்பரில் அன்டாரெஸ் என்ற மீன்பிடிப் படகின் வலை ஒரு பிரிட்டிஷ் நீர்மூழ்கியில் சிக்கி, படகு மூழ்கி நான்கு பேர் இறந்ததையும் சொன்னேன்.

ஊசியை நிறுத்தினார். “அவங்கட ஆக்களுக்கு நடந்தத சொன்னாங்களா?”

“சொன்னாங்க காக்கா. விசாரணை நடந்துச்சு.”

“அது நல்லம்.”

கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப அவன் கூப்பிட்டிருந்தாலும் அடியில ஆருக்கும் கேட்டிருக்காது” என்றார்.

“கேட்டிருக்காது.”

“நான் கரையில நிண்டன். எனக்கும் கேக்கல்ல.”

2024 நவம்பரில் கோவாவுக்கு அப்பால் ஒரு மீன்பிடிப் படகும் எங்கள் நாட்டு நீர்மூழ்கி ஒன்றும் மோதி, பதின்மூன்று பேரில் பதினொரு பேர் மீட்கப்பட்டார்கள், இருவரைக் காணவில்லை என்ற செய்தியைப் படித்தபோது, முதலில் என் கண்முன் வந்தது வலை ஊசியோடு நின்றுபோன அந்தக் கைதான்.

அன்று காலை பெரியவர் எழுந்து துடுப்பை எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். என்னையும் கூப்பிட்டார். மட்டக்களப்பு வாவியில் பாடும் மீனைக் கேட்பதற்குத் தோணிக்காரர்கள் செய்வது இதுதான் என்றார். துடுப்பின் அகன்ற பக்கத்தை நீருக்குள் விட்டு, மறுநுனியைக் காதில் வைக்க வேண்டும். எஞ்சின் வருவதற்கு முன்னால் மீன் கூட்டத்தை வாப்பா இப்படித்தான் கண்டுபிடிப்பாராம். தானும் தம்பியும் அதைப் பழகியவர்களாம்.

“காத வைங்க. என்ன கேக்குது?”

வைத்தேன். பதினைந்து வருடம் கேட்ட கடல். அலை மணலை இழுக்கும் உராய்வு. அதற்கு அடியில் எண்ணெயில் அப்பளம் பொரிவது போல ஒரு சத்தம், இறால்கள். வெகுதூரத்தில் ஒரு எஞ்சின், வடக்கே சாய்ந்தமருதுப் பக்கமாக இருக்கலாம்.

ஒவ்வொன்றாக அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன்.