ஆமை புகுந்த வீடு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவன்)

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்பது நம் நாட்டுப் பழமொழி. அமீனா எங்கள் வீட்டிற்கு வந்ததில்லை; ஜப்தி செய்ய அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் ஆமை புகுந்தது. புகுத்தியவன் நான்தான். அந்தக் கதையைப் பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

ராஜா அண்ணாமலைபுரத்திற்குக் கிழக்கே, அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி எங்கள் குப்பம். அம்மா புரத்து வீடுகளில் பாத்திரம் தேய்த்த பணத்தில்தான் என் புத்தகங்கள் வந்தன. அப்பா காசிமேட்டு விசைப்படகு ஒன்றில் கூலிக்கு வலை இழுப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

எட்டாம் வகுப்பில் படித்தபோது எங்களைத் தொல்காப்பியப் பூங்காவிற்கு அழைத்துச் சென்றார்கள். குப்பை கொட்டிக் கிடந்த கழிமுகத்தில் 58 ஏக்கரை மீட்டு, 2011-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பூங்கா அது. வீட்டுக்குப் பின்னால் நாறிக்கொண்டிருந்த நீருக்கும் ஒரு விஞ்ஞானம் உண்டென்று அன்றுதான் அறிந்தேன். விலங்கியல் பாடத்தை நான் தேர்ந்தெடுத்ததற்கு அந்த ஒரு நாளே காரணம் என்றால் மிகையாகாது.

முதலாண்டில் படிக்கும்போது, கடலாமைப் பாதுகாப்பு மாணவர் அமைப்பைப் பற்றி நண்பன் ஒருவன் சொன்னான். நம் கடற்கரையில் ஆமை தேடி இரவில் நடக்கும் வழக்கம் 1970-களில் ரோமுலஸ் விட்டேக்கர் போன்ற இயற்கை ஆர்வலர்களால் தொடங்கியது. 1988 முதல் அதை மாணவர்களே ஓர் அமைப்பாக நடத்தி வருகிறார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர், நள்ளிரவில் மணலில் நடக்கவேண்டும். வார இறுதிகளில் பொதுமக்களும் உடன் வருவார்கள். நடையோடு நடையாகப் பாடமும் நடக்கும்.

முதல் இரவில் எனக்குக் கூச்சம். வந்தவர்களில் பலர் ஆங்கிலத்தில் பேசினார்கள். ஆனால் வாடைக் காற்று எது, கொண்டல் எது என்று ஒருவர் கேட்டபோது நான்தான் பதில் சொன்னேன். அதன்பின் கூச்சம் என்னை விட்டகன்றது.

பங்குனி ஆமை என்று நாம் அழைக்கும் இனம், தை மாதம் தொடங்கி நம் கரையேறி முட்டையிடும். துடுப்புக்கால்கள் மணலில் பதித்த தடத்தைப் பின்பற்றிச் சென்று, கம்பால் மெல்லக் குத்திப் பார்த்து, கையாலேயே தோண்டவேண்டும். ஒரு குழியில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள், வெள்ளைப் பந்துகள் போல் இருக்கும். அவற்றை நாயும் மனிதனும் தீண்டாதபடி பொரிப்பகத்திற்குக் கொண்டுபோய் அதே ஆழத்தில் புதைப்போம். 45 முதல் 60 நாட்களில் குஞ்சு வரும். மணலின் சூடு மிகுந்தால் பெண், குறைந்தால் ஆண். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி ஓடும் இயல்புடையவை. நகரம் உண்டாகும் முன் இரவில் வெளிச்சமாயிருந்தது கடல்தான். இன்று தெருவிளக்கைக் கடலென்று நம்பிச் சாலைக்கு வந்து சாகின்றன.

"அந்தக் காலத்துல கூடை கூடையா ஆமை முட்டை வித்திருக்கேன்டா. அந்தக் காசுலதான் உங்கப்பன வளத்தேன்," என்றாள் ஆயா. அம்மாவின் கவலை வேறு: "ராத்திரியெல்லாம் ஆமை பின்னாடி சுத்தினா பரீட்சைய யார் எழுதறது?" இருவருக்கும் என்னிடம் பதில் இல்லை.

2025 ஜனவரி வந்தது. சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஒரு காலையில் நான் மட்டும் பதினொன்றை எண்ணிக் குறித்தேன். கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தன. ஆமைக்குச் செவுள் இல்லை, நுரையீரல்தான். மூச்சுவிட அது மேலே வந்தாகவேண்டும். மணிக்கணக்கில் இழுபடும் வலைக்குள் சிக்கினால் நீரில் வாழும் பிராணியே நீரில் மூழ்கிச் சாகிறது. கரைக்கு அண்மையில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாதென்று 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள் சொல்கின்றன. ஆனால் மீன் கரையருகில் அல்லவா இருக்கிறது!

அன்றிரவு குறிப்பேட்டை அப்பாவின் முன் வைத்தேன். "இதுல உங்க வலையில எத்தனைப்பா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "வலை படகுக்காரரோடது. எங்க போகணும்னு டிரைவர் சொல்றாரு. உன் பீஸு மட்டும் என்னோடது," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். தட்டில் பாதிச் சோறு இருந்தது. பழமொழி பலித்துவிட்டதோ என்று அஞ்சினேன்.

மூன்று நாள் நாங்கள் பேசவில்லை. நான்காம் நாள், அமைப்பில் கற்றதை மட்டும் சொன்னேன்: வலையில் அசையாமல் வரும் ஆமையெல்லாம் செத்ததல்ல, சில மயங்கியிருக்கும். உடனே கடலில் எறிந்தால் மூழ்கிவிடும். பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஈரத்துணி போர்த்தி, தளத்தில் விட்டுவைத்தால் மூச்சு திரும்பலாம். ஆமை தப்பிக்க வலையில் பொருத்தும் கம்பிச் சட்டம் ஒன்று உண்டென்பதையும் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் மாதம் ஒரு விடியற்காலை கடலிலிருந்து வந்தவர், குளிக்காமலே என்னை எழுப்பினார். "ஒண்ணு பொழச்சுதுடா. இடத்த அடைச்சிக்கிட்டு கெடக்குதுன்னு டிரைவர் திட்டினாரு. நான் வுடல. ரெண்டு மணி நேரம் கழிச்சு கண்ண தொறந்துச்சு."

ஒரே ஓர் ஆமைதான். நான் எண்ணிய பதினொன்றுக்கு அது ஈடாகாது. படகு இன்றும் அதே கடலுக்குத்தான் போகிறது. என் கட்டணமும் அங்கிருந்துதான் வருகிறது. இதை மறைத்து எழுத என் மனம் ஒப்பவில்லை.

அந்த ஏப்ரலில் குஞ்சுகளைக் கடலில் விடும் மாலையன்று ஆயாவை அழைத்துச் சென்றேன். உள்ளங்கையில் அடங்கும் அளவே இருந்த குஞ்சுகள் அலையை நோக்கி ஓடுவதைப் பார்த்தவள், "முட்டையத்தான் பாத்திருக்கேன். இத இப்பத்தான் பாக்குறேன்," என்றாள்.

நண்பர்களே! நம்மில் பலர் உழைக்கும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். நாம் கற்கும் கல்வி நம் வீட்டாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்கல்ல. அவர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கு. தை பிறந்தால் ஓர் இரவு நடக்க வாருங்கள். திரும்பும்போது உங்கள் வீட்டிலும் ஓர் ஆமை புகட்டும்.